பொலிஸ் அத்துமீறலுக்கு ஆளானால்: முதல் மாதத்துக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, கல்முனை நீதிமன்ற வளாகங்களை அண்டி மனு எழுதிக் கொடுத்துக் கழித்த ஆண்டுகளில் நான் அடிக்கடி கண்ட காட்சி ஒன்று உண்டு. பொலிஸ் நிலையத்தில் அடிவாங்கிய ஒருவரின் தாயோ மனைவியோ, சம்பவம் நடந்து மூன்று மாதங்கள் கழிந்து, காயமெல்லாம் ஆறிய பின்னர், கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வந்து நிற்பார். இத்தனை நாளும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், ஊர்ப் பெரியவர் ஒருவர் பேசித் தீர்த்துத் தருவதாகச் சொன்னார், பிறகு அரசியல்வாதி ஒருவரின் இணைப்பாளரிடம் போனோம், அவர் கொழும்புக்குப் போயிருந்தார் என்று பதில் வரும். உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்ய இலங்கை அரசியலமைப்பு அவர்களுக்குத் தந்திருந்த கால எல்லையோ ஒரு மாதம்தான். ஆகவே இந்த வழிகாட்டி அந்த ஒரு மாதத்தைச் சுற்றியே எழுதப்படுகிறது.

தொடங்குவதற்கு முன் பொலிஸாரின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இன்றும் நமது பொலிஸ் திணைக்களம் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழேயே இயங்குகின்றது. தடயவியல் வசதி குறைவாகவும், திருட்டை உடனே கண்டுபிடிக்கச் சொல்லும் நெருக்குதல் அதிகமாகவும் உள்ள இடத்தில், சந்தேகநபரின் வாயிலிருந்தே வழக்கை எடுத்துவிடலாம் என்ற பழக்கம் வேரூன்றிவிட்டது. கிழக்கில் இதனோடு மொழிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. தமிழ் தெரியாத உத்தியோகத்தரும் சிங்களம் தெரியாத முறைப்பாட்டாளரும் ஒரு மேசையின் இரு பக்கங்களிலும் இருந்து ஒரு வாக்குமூலத்தை எழுதி முடிக்க வேண்டியிருக்கிறது. இவை அத்துமீறலுக்குக் காரணங்களாகலாம், ஆனால் சட்டத்தின் முன் இவற்றில் எதுவும் சமாதானம் ஆகாது. சித்திரவதைக்கு எதிரான 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம், மேலதிகாரி கட்டளையிட்டார் என்பதைக்கூட எதிர்வாதமாக ஏற்பதில்லை.

முதலாவது படி: நடந்தது எந்த வகை?

முறைப்பாட்டை ஏற்க மறுத்தல், தூஷண வார்த்தை, பக்கச்சார்பு போன்றவை ஒழுக்காற்று விடயங்கள். அவற்றுக்குத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் மேலதிகாரிகளும் உள்ளனர். பணம் கேட்டால் அது இலஞ்சம். பணத்தைக் கொடுத்துவிட்டு முறையிடுவதைவிட, கொடுப்பதற்கு முன்னரே இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அறிவிப்பது நல்லது, ஏனெனில் அவர்கள் சுற்றிவளைத்துக் கையும் மெய்யுமாகப் பிடிப்பதற்கு அதுவே வழி. சட்டவிரோதக் கைது, அளவுக்கு மீறிய தடுத்துவைப்பு, அடி உதை, பொய் வழக்கு ஆகியவை அடிப்படை உரிமை மீறல்கள். ஒரே சம்பவம் இரண்டு மூன்று வகைகளில் விழலாம். அப்போது எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் தட்டலாம். ஓரிடத்தில் முறையிட்டதால் மற்ற இடங்கள் அடைபட்டுவிடும் என்று சிலர் அஞ்சுவது வீண் அச்சம்.

இரண்டாவது படி: கைது நடக்கும் வேளையும் அடுத்த 24 மணித்தியாலமும்

கைது செய்யப்படுபவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை. காரணத்தை அமைதியாக, ஒரு தடவை கேளுங்கள். பதில் வராவிட்டால் வாக்குவாதப்பட வேண்டாம், பதில் வரவில்லை என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இழுபறி செய்தால் கடமைக்கு இடையூறு விளைவித்ததாக இன்னொரு வழக்கு முளைக்கும். பெண்ணைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்ணே, கண்ணியம் காத்துச் சோதனையிட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களின் வேலை அப்போதே தொடங்குகிறது. வந்தவர்கள் எத்தனை பேர், சீருடையா சிவில் உடையா, வாகன இலக்கம் என்ன, எத்தனை மணிக்கு, யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பவற்றை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளையின் பழைய பாடசாலைக் கொப்பி போதும். நேரம் ஏன் முக்கியம் என்றால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைதான ஒருவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்கு மேல் நீதவான் முன் நிறுத்தாமல் வைத்திருக்க முடியாது. பொலிஸ் பதிவில் கைது நேரம் ஆறேழு மணித்தியாலம் பிந்தியதாக எழுதப்பட்டிருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். உங்கள் கொப்பியும், அந்த நேரத்தில் உறவினருக்கு எடுத்த தொலைபேசி அழைப்பின் பதிவும் அந்தப் பொய்யை வெளிப்படுத்தும்.

பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது தனியே போகாதீர்கள். கைதானவர் சார்பில் சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்தில் தோன்றலாம் என்பதற்கு 2012 இல் வர்த்தமானியில் வெளியான விதிகள் உள்ளன. சட்டத்தரணியை வாசலில் நிறுத்திவைக்க முடியாது. அப்படி ஒருவரை நாங்கள் பிடிக்கவில்லை என்று நிலையத்தில் மறுத்தால் ஒரு மணித்தியாலமும் வீணாக்காமல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. அதன் உத்தியோகத்தர்கள் முன்னறிவித்தலின்றித் தடுப்பு இடங்களைப் பார்வையிட அதிகாரமுள்ளவர்கள். மறுப்பு நீடித்தால், பிடிக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. அதற்குக் கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போகத் தேவையில்லை. மாகாண மேல் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம்.

(இந்தியப் பத்திரிகைகளை வாசித்துப் பழகியவர்கள் பெயரில் குழம்ப வேண்டாம். கொழும்பு புதுக்கடையிலுள்ள நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமே நமக்கு உயர் நீதிமன்றம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருப்பவை மேல் நீதிமன்றங்கள்.)

மூன்றாவது படி: நீதவான் முன் வாய் திறத்தல்

நீதவான் முன் நிறுத்தப்படும் அந்த இரண்டு மூன்று நிமிடங்கள் மாதக்கணக்கான அலைச்சலை மிச்சப்படுத்தக்கூடியவை. விடுமுறை நாட்களில் நீதவானின் வாசஸ்தலத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே சட்டத்தரணி இல்லாமலும் போகலாம். கூட்டிச்செல்லும் வழியில் "ஒண்டும் சொல்லாத, இண்டைக்கே விட்டுருவம்" என்று சொல்வது வழக்கம். அதை நம்பி வாய்மூடி இருந்தவர்கள் பலர் பதினான்கு நாள் விளக்கமறியலுக்குப் போயிருக்கிறார்கள். அடித்திருந்தால், எங்கே, எதனால் அடித்தார்கள் என்று தமிழில், உரத்த குரலில், நேரடியாக நீதவானிடம் சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புமாறும், சொன்னதை வழக்கேட்டில் பதியுமாறும் கேட்க வேண்டும். சந்தேகநபர் பற்றிப் பொலிஸார் நீதவானிடம் சமர்ப்பிக்கும் பீ அறிக்கையின் இலக்கத்தைக் குடும்பத்தினர் குறித்துக்கொண்டு, பின்னர் அன்றைய வழக்கேட்டுக் குறிப்பின் சான்றுப்படுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பெறவேண்டும்.

நான்காவது படி: உடம்பே முதல் சாட்சி

விடுதலையானவுடன் வீட்டுக்குப் போய்க் குளித்து எண்ணெய் பூசிப் படுப்பது மனித இயல்பு. அதைச் செய்யாமல் நேரே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை ஆகியவற்றில் எது அருகிலோ அங்கே போகலாம். தனியார் மருந்தகத்தில் வாங்கிய வலிநிவாரண மாத்திரையின் பற்றுச்சீட்டால் வழக்கில் அதிகம் சாதிக்க முடியாது. அனுமதிக்கப்பட்டால் பீ.எச்.டி. எனப்படும் கட்டில் சீட்டின் இலக்கத்தை எழுதி வையுங்கள். வெளியேறும்போது நோய் நிர்ணய அட்டையைத் தவறாமல் வாங்குங்கள்.

வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி "என்ன நடந்தது?" என்பது. அந்தப் பதிலை அவர் எழுதுகிறார். அந்த ஒரு வரிதான் பின்னாளில் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும். பொலிஸார் கூட்டிவந்து பக்கத்தில் நிற்கும்போது "விழுந்திட்டன்" என்று சொல்லிவிட்டுப் பின்னர் அதை மாற்ற முயன்ற ஓர் இளைஞருக்காக நான் மனு எழுதியிருக்கிறேன். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு இருந்தது, குதிக்கால் வீங்கியிருந்தது, ஆனால் சீட்டில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்ததாக எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு சொல்லைத் திருத்துவதற்கே எட்டுப் பக்கச் சத்தியக்கடதாசி தேவைப்பட்டது. பரிசோதனையின்போது பொலிஸாரை வெளியே நிற்கச் சொல்லுமாறு வைத்தியரிடம் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, வெட்கமின்றிக் கேளுங்கள்.

கண்டல் காயம் முதல் நாளில் சிவந்தும், பின்னர் கருநீலமாகியும், ஒரு கிழமையில் மஞ்சளாகியும் மறையும். ஆகவே ஒவ்வொரு நாளும், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியோ அளவுகோலோ வைத்துப் படமெடுங்கள். முகமும் காயமும் சேர்ந்து தெரியும் ஒரு படமாவது இருக்கட்டும். படத்தை முகநூலில் போடுவதற்கு முன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். செவிப்பறை, பல், குதிக்கால் ஆகியவற்றில் வலி இருந்தால் வைத்தியரிடம் தனித்தனியே சொல்லுங்கள், ஏனெனில் வெளியே தெரியாத காயங்களே எளிதில் விடுபடுபவை.

ஐந்தாவது படி: முறைப்பாட்டை எழுதும் மொழி

மட்டக்களப்பின் படுவான்கரையைச் சேர்ந்த ஓர் அம்மாவை மறக்க முடியாது. மகனை அடித்தது தொடர்பாக முறையிடப் போன அவரிடம், சிங்களத்தில் எழுதிய ஒரு பக்கத்தை நீட்டி, கையொப்பமிடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்திருந்ததை அவர் அப்படியே சொன்னார்: "சேர், எனக்கு இது வாசிக்கத் தெரியாது. நானே தமிழில எழுதித் தாறன், அத ஒட்டிக்கொள்ளுங்க." உத்தியோகத்தர் சற்று நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தாராம்.

அந்த அம்மா கேட்டது சலுகை அன்று. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு, வாய்மொழியாகத் தரும் தகவலை அது தரப்படும் மொழியிலேயே எழுதி வாசித்துக்காட்ட வேண்டும் என்கிறது. உத்தியோகத்தரால் அம்மொழியில் எழுத இயலாவிட்டால், தகவல் தருபவரையே தமது மொழியில் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். அவரால் எழுதவும் முடியாதபோதுதான், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு தேசிய மொழியில் எழுதி, அதை அவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையிலும் உள்ளது. மொழி உரிமை மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் தனியே முறையிடலாம்.

வாசிக்கத் தெரியாத மொழியில் ஏற்கனவே கையொப்பமிட்டுவிட்டீர்களா? பதற வேண்டாம். அடுத்த நாளே, வாசித்துக்காட்டப்படாமல் கையொப்பம் பெறப்பட்டது என்பதைத் தமிழில் எழுதி, பொறுப்பதிகாரிக்கும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டை வெய்யிலில் வைத்தால் எழுத்து அழிந்துவிடும். உடனே படமெடுத்து வையுங்கள். முறைப்பாட்டை ஏற்கவே மறுத்தாலும் இதே வழிதான்.

ஆறாவது படி: எங்கே முறையிடுவது, எதை எதிர்பார்ப்பது

மேலதிகாரிகளிடம் முறையிடுவதில் தீங்கில்லை. ஆனால் விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே சீருடையினர் என்பதை மறக்க வேண்டாம். தேசிய பொலிஸ் ஆணைக்குழு 2001 இல் 17 ஆம் திருத்தத்தால் உருவானது. 2010 இல் அதன் அதிகாரம் வெட்டப்பட்டது, 2015 இல் மீண்டது, 2020 இல் மறுபடி குறைந்தது, 2022 இன் 21 ஆம் திருத்தத்தோடு மறுபடி பலம்பெற்றது. பொலிஸ்மா அதிபர் தவிர்ந்த உத்தியோகத்தர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காறு ஆகியவற்றோடு பொதுமக்கள் முறைப்பாடும் அதன் பொறுப்பு. நடைமுறையில் முறைப்பாடு பல வேளைகளில் அறிக்கை கோரி மீண்டும் பொலிஸ் அதிகாரிகளிடமே அனுப்பப்படுகிறது. என்றாலும் அனுப்பத்தான் வேண்டும்: ஓர் உத்தியோகத்தரின் பெயரில் சேரும் முறைப்பாடுகள் அவருடைய பதவி உயர்வு வேளையில் மேசைக்கு வருகின்றன.

மனித உரிமைகள் ஆணைக்குழு 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. தமிழில் எழுதலாம், கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. அது விசாரிக்கலாம், இணக்கம் காணலாம், பரிந்துரைக்கலாம்; பரிந்துரையை நிறைவேற்றுமாறு கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. பின் ஏன் போகவேண்டும்? அடுத்த படியில் அதற்கு விடை இருக்கிறது.

ஏழாவது படி: உயர் நீதிமன்றமும் ஒரு மாதமும்

சித்திரவதையைத் தடைசெய்யும் 11 ஆம் உறுப்புரை, சமத்துவத்தைப் பேசும் 12, கைதையும் தடுத்துவைப்பையும் பற்றிய 13 ஆகியவை மீறப்பட்டால், 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்யலாம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விளக்கமறியலில் இருந்ததால் வரமுடியவில்லை என்பதை நீதிமன்றம் கருத்திற் கொண்ட சந்தர்ப்பங்கள் உண்டு, ஆனால் அதை நம்பி நாளைக் கடத்துவது சூதாட்டம்.

இங்கேதான் மனித உரிமைகள் ஆணைக்குழு பயன்படுகிறது. அதை அமைத்த 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13(1) ஆம் பிரிவின்படி, ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்த பற்றுச்சீட்டை மட்டும் காட்டிய மனுக்களை நீதிமன்றம் நிராகரித்திருக்கிறது. விசாரணை உண்மையாகவே நடந்துகொண்டிருந்தது எனக் காட்ட வேண்டும். ஆகவே, விசாரணை நிலுவையில் உள்ளதைக் குறிப்பிடும் கடிதத்தையும், விசாரணைக்கு அழைத்த ஒவ்வோர் அறிவித்தலையும் கேட்டு வாங்கிச் சேருங்கள். ஆணைக்குழு இருக்கிறதே என்று ஓய்ந்துவிடாமல், முடிந்தால் மாதம் முடிவதற்குள் மனுவையே போட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

கொழும்புக்குப் போய்வரும் செலவும் சட்டத்தரணிக் கட்டணமும் பெரிய தடைகள்தான். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தில் வருமானச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். வறுமையால் முறைப்படி மனுவைத் தாக்கல் செய்ய முடியாதவர் எழுத்தில் அனுப்பும் முறைப்பாட்டையே மனுவாகக் கொள்வதற்கும் உயர் நீதிமன்ற விதிகளில் இடமுண்டு.

இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொன்னாலும், உண்மையான காலம் வேறு. 2010 இல் மிரிஹானையில் நடந்த சித்திரவதை தொடர்பாக 2011 இல் தாக்கலான மனுவின் தீர்ப்பு 2023 டிசம்பரில்தான் வந்தது. அதில் பொறுப்பாளியாகக் காணப்பட்டவர்களில் ஒருவரான தேசபந்து தென்னகோன் அப்போது பதில் பொலிஸ்மா அதிபராக இருந்தார். 2024 பெப்ரவரியில் பொலிஸ்மா அதிபராகவும் நியமிக்கப்பட்டார். 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் அப்பதவியில் செயற்படுவதை இடைக்கால உத்தரவால் தடுத்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் வேறு அதிகாரத் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டுகளின் பேரிலான விசாரணைக்குப் பின் அவரைப் பதவி நீக்கியது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு கோவையைக் கறையானிடமிருந்து காப்பாற்றி வைத்திருக்க வேண்டும் என்பதையும் இது காட்டுகிறது.

எட்டாவது படி: குற்றவியல் வழக்கும் பாதுகாப்பும்

உரிமை மனுவில் கிடைப்பது நட்டஈடும் மீறல் நடந்ததென்ற பிரகடனமும். குற்றவாளியைச் சிறைக்கு அனுப்புவதானால் சட்டமா அதிபர் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தண்டனை 7 முதல் 10 ஆண்டுச் சிறை. மேலே சொன்ன வைத்திய அறிக்கையே அங்கும் உயிர்நாடி.

சாட்சிக்கு ஆபத்து வராது என்று யாருக்கும் சொல்ல முடியாது. வேறொருவர் எனத் தவறாகக் கருதப்பட்டு 2002 இல் வத்தளையில் கைதாகிச் சித்திரவதைக்குள்ளான ஒருவருக்கு 2003 இல் உயர் நீதிமன்றம் 8 இலட்சம் ரூபா நட்டஈடும் மருத்துவச் செலவும் வழங்கியது. குற்றவியல் வழக்கில் சாட்சியமளிக்கச் சில நாட்கள் இருக்கையில், 2004 நவம்பரில் அவர் சுடப்பட்டு இறந்தார். அத்தகைய அனுபவங்களுக்குப் பின்னர் வந்ததே 2015 இன் பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம்; இப்போது அதன் இடத்தில் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. ஒரு மிரட்டல் அழைப்பு வந்தாலும் இலக்கம், நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை எழுதி, அதன் கீழ் பாதுகாப்புக் கோருங்கள்.

தடுப்புக்காவலில் மரணம், பயங்கரவாதத் தடைச் சட்டம்

தடுப்புக்காவலில் ஒருவர் இறந்தால் நீதவான் விசாரணை கட்டாயம். முதல் பிரேத பரிசோதனையில் திருப்தியில்லையேல் நல்லடக்கத்துக்கோ தகனத்துக்கோ அவசரப்படாமல், இரண்டாவது பரிசோதனையை நீதவானிடம் கோருங்கள். 2021 இல் மட்டக்களப்பில் தடுப்புக்காவலில் இறந்த இளைஞர் ஒருவரின் உடல் நீதிமன்ற உத்தரவில் தோண்டியெடுக்கப்பட்டு மறுபடி பரிசோதிக்கப்பட்டது. உடல் எரிக்கப்பட்டிருந்தால் அது நடந்திராது. இறந்தவரின் மனைவி உரிமை மனுவைத் தொடரலாம் என்பதை உயர் நீதிமன்றம் 2003 இலேயே ஏற்றுக்கொண்டது.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழான கைதுக்கு 24 மணித்தியாலக் கணக்குப் பொருந்தாது. தடுப்பு உத்தரவு மூன்று மாதங்களாக நீடிக்கப்பட்டு, 2022 திருத்தத்தின்பின் அதிகபட்சம் 12 மாதங்கள்வரை போகலாம். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. இச்சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்தது சாட்சியமாகும். ஆகவே விளங்காத மொழியிலுள்ள எதிலும் கையொப்பமிடாதிருப்பது இங்கே பன்மடங்கு முக்கியம். இவ்வகைக் கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கைதுசெய்தவரின் சட்டக் கடமை. அறிவித்தார்களா என்று குடும்பத்தினர் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

ஆவணம் மறுக்கப்பட்டால்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொலிஸுக்கும் பொருந்தும். தகவல் அதிகாரி 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும். கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள்: இன்ன திகதியில், இன்னாருடைய கைது தொடர்பான பதிவின் பிரதி. "நீதி எங்கே" என்று எழுதினால் பதில் வராது.

இடையில் சமாதானம் பேச வந்தால்

மனு தாக்கலான பின்னர் தெரிந்தவர் மூலம் ஆள் வருவது பெரும்பாலும் நிச்சயம். "தம்பி, அவங்களுக்கும் புள்ள குட்டி இருக்கு, ஒரு தொகையை வாங்கிற்று விடுங்க" என்பார்கள். ஏற்பதும் மறுப்பதும் பாதிக்கப்பட்டவரின் சொந்த முடிவு; அதில் ஊராரோ நானோ தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேச்சு வீட்டுத் திண்ணையிலோ பொலிஸ் நிலையத்திலோ நடக்கக்கூடாது, சட்டத்தரணியின் அலுவலகத்தில் நடக்க வேண்டும். வெற்றுத் தாளில் கையொப்பமிடக்கூடாது. முறைப்பாடு பொய்யானது என்று எழுதிய எதிலும் ஒருபோதும் கையொப்பமிடக்கூடாது, ஏனெனில் அந்தத் தாளை வைத்தே பொய் முறைப்பாடு செய்ததாக உங்கள்மீது வழக்குப் போடலாம். மூலப் பத்திரங்களை எவர் கேட்டாலும் பிரதியை மட்டும் கொடுங்கள். வந்து பேசியவரின் பெயரையும் வந்த நேரத்தையும் அந்தப் பழைய கொப்பியில், முதல் நாள் எழுதிய பக்கத்துக்கு அடுத்தடுத்து, திகதியிட்டு எழுதிவிடுங்கள்.